ஓடிக்கொண்டிருந்த கடிகாரம்

டோல்கேட் கடிகாரக் கடைக்காரர், பழுது பார்த்த பழைய பாக்கெட் கடிகாரத்தை என் காதருகே பிடிக்கிறார். டிக் டிக். கண்ணை மூடுகிறேன்.

சின்ன வயதில், ராயபுரத்தில் எங்கள் பள்ளிக்கு டாக்டர் வந்த நாள். கண்ணை மூடச் சொல்லி, பின்னால் நின்று காதோரம் கடிகாரத்தைப் பிடித்தார். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கேட்காத பிள்ளைகளின் காதில் கம்பி விடுவார்கள் என்று வகுப்பில் பேச்சு. எனக்கோ காதில் சீழ். டிக் டிக் கேட்டும் பயத்தில் கை எழவில்லை.

துணைக்கு வந்திருந்த என் அப்பா, நைனா, பதறிப்போய்க் கடிகாரத்தை வாங்கித் தன் காதில் வைத்தார். முகம் மலர்ந்தது.

"இது நின்னுபோன கடியாரம் சார்! கொயந்தைக்கு இன்னா கேக்கும்?"

எனக்கு அப்போதும் டிக் டிக் கேட்டது. டாக்டர் என்னை விட்டுவிட்டு நைனாவையே பார்த்தார்.

நைனாவுக்கு ரயில் பட்டறையில் எஞ்சின் பாய்லருக்குள் உட்கார்ந்து ஆணி அடிக்கிற வேலை. வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அவர் தினமும் வேலைக்குப் போகிற தண்டவாளத்தின் வழியாகவே திரும்பினோம். பின்னால் எஞ்சின் ஊதியது. நைனா நடுவிலேயே நடந்துகொண்டிருந்தார். இரண்டு கையாலும் அவரை ஓரத்துக்கு இழுத்தேன்.

"இன்னாம்மே, காது வலிக்குதா?" என்று அவர் குனிந்தபோது எஞ்சின் எங்களைக் கடந்துபோனது.

மறுநாள் காலையில் அதே தண்டவாளத்தில், ஓரத்துக்கு இழுக்க ஆளில்லாமல், தனியாகப் போனார்.

"கேக்குதாம்மா?" என்கிறார் கடைக்காரர். எஞ்சின் வருகிறதா என்று நான் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.