பச்சைக் கோடு

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுப்பவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பச்சை டீச்சர். மூக்குக்கு மேல் கோபம் வரும் மனுஷி. பக்கத்து அறையில் கணக்கு எடுப்பவன் நான். நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்புதான், அவர் போடும் சத்தம் ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்கும்.

ஆசிரியர் ஆவதற்கு முன் ஓர் அச்சகத்தில் ஐந்து வருடம் பிழை திருத்தியவர். "அடுத்தவங்க தப்பைத் தேடித் தேடியே என் கண்ணு பாழாப் போச்சு சார். இங்கயும் அதையே செய்யணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" என்பார். கட்டுரை நோட்டில் சிவப்பு மை படவே விடமாட்டார். பொதுவான பிழைகளை யாருடையது என்று சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, எல்லோரையும் சேர்ந்து திருத்தச் சொல்வார். நோட்டில் தனக்குப் பிடித்த ஒரே ஒரு வரியின் கீழ் பச்சைக் கோடு போடுவார். வெள்ளிக்கிழமை அந்த வரியை எழுதிய பிள்ளை எழுந்து வாசிக்க வேண்டும்.

தையல்காரரின் மகள் மட்டும் ஒருமுறைகூட வாசித்ததில்லை. அவள் அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து பள்ளியில் வாயே திறப்பதில்லை. பெயர் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குவாள். டீச்சரும் அவளை வற்புறுத்தவில்லை.

ஒரு புதன்கிழமை அவளுடைய நோட்டைத் தூக்கிக்கொண்டு டீச்சர் ஆசிரியர் அறைக்கு ஓடி வந்தார்.

"வெள்ளிக்கிழமை வாசிக்கிறியான்னு கேட்டேன். சரின்னு தலையாட்டிட்டா சார்!"

பச்சைக் கோட்டின் மேல் இருந்த வரி இது: 'அம்மா போனதுல இருந்து அப்பா தையல் மிஷினை நிறுத்துறதே இல்ல, நிறுத்தினா வீட்டுல யாரும் பேசலைன்னு தெரிஞ்சிடும்.'

அதே வெள்ளிக்கிழமை பள்ளி ஆய்வாளர் வருவதாகக் கடிதம் வந்தது. தலைமையாசிரியருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நோட்டுல ஒரு திருத்தம்கூட இல்லையே டீச்சர். அவர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"என்னைக் கேக்கச் சொல்லுங்க. அந்த நோட்டுல சிவப்பு பட்டுச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

வியாழன் மாலை டீச்சர் கிளம்பும்வரை தலைமையாசிரியர் பொறுத்திருந்தார். பிறகு முப்பத்தெட்டு நோட்டையும் என் மேஜையில் கொண்டுவந்து அடுக்கினார். "சார், உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். கொஞ்சம் பாத்துக் குடுங்க." முடியாது என்று சொல்ல எனக்கு வாயில்லையா? இருந்தது. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. கணக்கு வாத்தியார் புத்தி வேறு: தப்பா, அடி, பக்கத்தில் விடையை எழுது. அவள் வரியையும் அடித்தேன். வீட்டு விஷயமெல்லாம் ஆய்வாளர் கண்ணில் எதற்கு என்று நினைத்து, மேலே அழகாக எழுதினேன்: 'என் தந்தை அயராது உழைப்பவர்.' எழுதிவிட்டு ஒரு டீயும் குடித்தேன். இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆய்வாளரோடு நோட்டுகளும் நேராக வகுப்புக்குள் போயின. தலைமையாசிரியருக்குப் பின்னால் நானும் போய் நின்றேன்.

"அடடா, ஒரு பக்கம் விடாம திருத்தியிருக்கீங்களே!" என்றார் ஆய்வாளர்.

டீச்சர் எட்டிப் பார்த்தார். "அது நான் போட்டதில்ல. எவன் கை வச்சானோ அவனைக் கேளுங்க!"

தலைமையாசிரியர் பலமாக இருமினார். ஆய்வாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இன்னொரு நோட்டைப் புரட்டி உரக்க வாசித்தார். "என் தந்தை அயராது உழைப்பவர். ரொம்ப நல்ல வரி. யாரும்மா எழுதினது?"

தையல்காரரின் மகள் எழுந்தாள். பயத்தில் எழுந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"நான் அப்படி எழுதல."

ஒரு வருடமாகத் திறக்காத வாய். குரல் கரகரத்தது. விறுவிறுவென்று முன்னால் வந்தவள் அவர் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தன் வரியைப் பார்க்காமலே முழுதாகச் சொன்னாள். சொல்லும்போது ஆய்வாளரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். கணக்கு நோட்டில் தினமும் பார்க்கிற கையெழுத்து அவளுக்குத் தெரியாதா?

ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். மரியாதைக்குறைவாகப் பேசியதற்கு விளக்கம் கேட்டு டீச்சருக்கு மாலையே கடிதம் கொடுத்தார்கள். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"முப்பத்தெட்டு நோட்டு சார். உங்களுக்குப் பிடிச்ச வரி ஒண்ணுகூடவா கெடைக்கல?"

திங்கட்கிழமை அந்த வகுப்புக்கு முதல் மணி கணக்கு. என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவள் பெயரைக் கூப்பிட்டேன். தலை நிமிராமல் கையை மட்டும் தூக்கினாள். இரண்டாம் மணி தமிழுக்கு அவர்கள் எழுந்து போனதும் நான் தடுப்பருகே நின்று காத்திருந்தேன். டீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

அவள் முறை வந்தது. "உள்ளேன் டீச்சர்" என்ற குரல் பலகையைத் தாண்டி எனக்குத் தெளிவாகக் கேட்டது.