பெட்ரோல் முள்ளும் நான்கு அடிகளும்

டாங்கி காலியாகி நடுரோட்டில் நின்றாலும், என் பழைய காரின் பெட்ரோல் முள் 'ஃபுல்' என்றே காட்டும். டாங்கிக்குள் மிதந்து அளவு சொல்லும் மிதவைக் கருவியை எங்கள் தேவிபட்டினத்து உப்புக்காற்று அரித்திருந்தது. மெக்கானிக் எதற்கு என்று டிக்கியைத் திறந்து நானே கழற்றினேன்.

கழற்றியதோடு விட்டிருக்கலாம். முள் அசைந்தால் சொல் என்று மனைவியை முன் சீட்டில் உட்காரவைத்துச் சாவியைப் போட்டேன். திறந்து கிடந்த டாங்கி வாய்க்கு மேலேயே மிதவையை ஆட்டினேன்.

"முள்ளு அசையுதுங்க!" என்றாள்.

அதே நொடி ஒயர் உரசிப் பொறி பறந்தது. குபீரென்று தீ முகத்தில் அறைந்தது. வேட்டி எரிய, ஊருணியைப் பார்த்து ஓடினேன். சித்திரை மாதம்; ஊருணிக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த மனைவியின் தம்பி ஓடிவந்து அவளைக் கதவு வழியே இழுத்துப்போட்டான். மாட்டுத்தொட்டியில் நனைத்த சாக்கால் டாங்கி வாயை அமுக்கினான். இன்னொரு ஈரச் சாக்கோடு என்னைத் துரத்தி வந்து, குப்புறத் தள்ளி விளாசினான்.

"ஏலே மாப்ள, தீ அணைஞ்சிருச்சுடா!"

"தெரியுது மச்சான். அக்காவ கார்ல விட்டுட்டு அங்கிட்டு எங்க ஓடுனீக?"

பிறகு விழுந்த நான்கு அடிகளை நான் தடுக்கவில்லை.

இப்போதெல்லாம் காரில் ஆளில்லை என்று பார்த்து, பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் ஸ்பேனரைத் தொடுகிறேன். முள் சரியாகக் காட்டுகிறது. மனைவிதான், "நீங்க முன்னால போங்க, நான் பஸ்ல வாரேன்" என்கிறாள்.