இன்னும் இரண்டரை சென்டிமீட்டர்

மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, பஸ் டிரைவர் ஆயுர்வேத ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக ஓடிப்போனார். குடை முன்வாசலில் கிடந்தது. அதை எடுக்கக்கூட நிற்கவில்லை. அவருக்கென்று எடுத்துவைத்த புது நூல் கண்ணாடிக் குழாயோடு கையில் இருக்க, நூலக்கா படியில் நின்று, "அண்ணே! இன்னும் ரெண்டரை சென்டிமீட்டர்தான்!" என்று கத்தினாள். கத்தியிருக்கக் கூடாது. தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் வேகத்தைக் கூட்டினார்.

மூலத்துக்கும் பவுத்திரத்துக்கும் பேர்போன ஆஸ்பத்திரி அது. பவுத்திரம் என்றால் ஆசனவாய்க்குப் பக்கத்தில் தோலில் ஒரு துளை. அங்கிருந்து உள்ளே எலிவளை மாதிரி ஒரு பாதை. சீழ் வரும், ஆறும், மறுபடி வரும். லேசில் தீராத எட்டு நோய்களில் ஒன்றாக ஆயுர்வேதம் இதை வைத்திருக்கிறது. அந்தப் பாதையில் மருந்து நூலைக் கோத்துக் கட்டிவிட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே வரும். அறுத்த இடம் பின்னாலேயே ஆறிக்கொண்டு வரும். வாரம் ஒரு தடவை பழைய நூலின் முனையில் புது நூலை முடிந்து, இழுத்து மாற்றுவார்கள். கழற்றியதை அளந்தால் இன்னும் எவ்வளவு பாதை மிச்சம் என்று தெரிந்துவிடும்.

அந்த நூலைச் செய்பவள்தான் நூலக்கா. பதினான்கு வருஷமாகச் செய்கிறாள். சட்டத்தில் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டி, கள்ளிப்பால் பதினொரு பூச்சு, அதோடு நாயுருவிச் சாம்பலின் உப்பும் சேர்த்து ஏழு, மஞ்சள் சேர்த்து மூன்று. ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. ஒரு நூலுக்கு மூன்று வாரம் ஆகிவிடும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால், வேலை நேரத்தில் அழுகை வந்தால் தோளில்தான் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். அழுகை வந்ததெல்லாம் ஆத்திரத்தில்தான்.

ஆத்திரம் நூல்மேல் இல்லை, ஆட்கள்மேல். ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். டிரைவர் இரண்டு வருஷம் வீட்டில் முதுகுவலி என்றே சொல்லி ஒப்பேற்றியிருந்தார். அவர் மனைவி முதுகுக்குத் தைலம் தேய்த்தே ஓய்ந்துபோனாள். முதல் நாள் அளந்தபோது ஏழு சென்டிமீட்டர். ஐந்து வாரம் ஒழுங்காக வந்தார். வெந்நீரில் உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார், மலம் இறுகாமலிருக்கக் கொடுத்த சூரணத்தை வேளை தவறாமல் தின்றார்.

"சீட்டுல உக்காந்தா நெருப்புல உக்காந்த மாதிரி இருக்கும்மா. இப்பத்தான் மனுஷனா ஓட்டறேன்" என்றார் ஐந்தாவது வாரம்.

"பாதியில விட்டுடாதீங்கண்ணே. மறுபடி முதல்லேருந்துதான்."

"விடுவேனா? பைத்தியமா எனக்கு?"

ஆறாவது வாரம், அந்த மழைச் செவ்வாயன்று, உள்ளறையில் முறைக்காகக் காத்திருந்தவர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். முன்கூடத்து பெஞ்சில், நாளிதழால் முகத்தை மறைத்துக்கொண்டு, சம்பந்தி. மகளுக்குப் பேசி முடித்திருந்த பையனின் அப்பா.

"போச்சு. என்னைத் தேடித்தான் வந்திருக்காரு" என்றார் டிரைவர். முகத்தில் ஈயாடவில்லை. "பொண்ணோட அப்பனுக்குப் பின்னாடி ஓட்டைன்னு தெரிஞ்சா, பரம்பரை வியாதிம்பாங்க. கல்யாணம் நின்னுடும்மா."

சம்பந்தி நான்கு மாதமாக மூலத்துக்கு வருகிறவர். 'அவரும் நம்ம கேஸுதாண்ணே' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் யார் எதற்கு வந்தார் என்பது அந்த நாலு சுவரைத் தாண்டக் கூடாது. டாக்டரம்மாவின் முதல் சட்டம் அது. நூலக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். அதற்குள் டிரைவர் பின்வாசலில் இருந்தார்.

"சொல்லிடட்டுமா, டாக்டரம்மா?"

"சொன்னா நாளைக்கு ஒரு ஆள் இங்க வரமாட்டான்."

"சொல்லாததுக்கே ஒருத்தர் போயிட்டாரே!"

டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மூன்று செவ்வாய்க்கிழமைகள் போயின. நூலக்கா பொறுக்கமாட்டாமல் டிரைவரின் ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்த வீட்டு நம்பருக்குத் தன் ஃபோனிலிருந்து போட்டாள். மனைவி எடுத்தாள்.

"யாரு?"

"தையல் கடை. உங்க வீட்டுக்காரர் நூல் வாங்காமப் போயிட்டார். குடையும் இங்கதான் இருக்கு."

"அந்த மனுஷனுக்குச் சட்டைப் பொத்தான் தைக்கக்கூடத் தெரியாதே. யாருக்கு நூல்? ஏய், நீ யாரு முதல்ல?"

ஃபோனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். பொய் அவள் வாய்க்குப் பழகியதுதான். சொந்தக்காரர்கள் கேட்டால் நூல் மில்லில் வேலை என்றே அவளும் பதினான்கு வருஷமாகச் சொல்லிவந்தாள். மற்றவர்களை என்ன திட்டுவது என்று அன்றைக்குத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

டிரைவருக்கான நூல் காலாவதியாகி, அவள் கையாலேயே குப்பைக்குப் போனது. குடை மூலையில் தூசி படிந்து நின்றது. ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு பிற்பகல், அவள் ஏழாவது பூச்சு பூசிக்கொண்டிருந்தபோது ஃபோன் சிணுங்கியது. கையைக் கழுவிவிட்டு வந்து படித்தாள்.

"தையல் கடை அக்காவுக்கு. அன்னைக்கு நீங்க பேசினதுலேருந்து ரெண்டு மாசம் நான் அவரோட பேசலை. போன வாரம்தான் வலி தாங்காம உண்மையைக் கக்கினார். உள்ளே கட்டியிருந்த உங்க நூலை அப்பவே என் கத்தரிக்கோலாலதான் வெட்டி எறிஞ்சாராம். மக கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. இப்ப இவருக்குத்தான் ரெண்டு துளை. ஸ்கேன்ல ஒன்பது சென்டிமீட்டர்னு போட்டிருக்கு. பஸ்ஸுல உக்காரவே முடியலை. செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு வர்றேன், முன்வாசல் வழியாவே. சம்பந்தியும் வர்றார். அவருக்கு ஒண்ணுமில்லையாம், சும்மா துணைக்குத்தானாம். நாங்க கேக்காமலே மூணு தடவை சொல்லிட்டார்."