தட்டையாக நின்ற சுரங்கத் தொழிலாளி

தங்கம் தேடி வந்தவர்களால் எழுந்த பழைய ஊர்களின் ஸ்டீரியோ அட்டைகளைச் சேர்க்கிறேன். ஒவ்வொன்றிலும் இரு கண்களுக்காகச் சற்றே விலகி எடுத்த இரண்டு படங்கள் இருக்கும். இரட்டை லென்ஸ் வைத்த வியூவரில் பார்த்தால் தெரு ஆழத்தோடு எழுந்து நிற்கும்.

சான் ஹோசேயில் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு, பக்கத்து வீட்டு அங்கிள் தன் அட்டையொன்றை இரவல் தந்தார். வலப்பக்கப் படத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மேல் கறை. குறைகளைக் குறித்து, ஒவ்வொன்றாக நீக்குவது என் வேலைப் பழக்கம். ஸ்கேன் செய்து, இடப்பக்கப் படத்திலிருந்த அவரையே வெட்டிக் கறையின் மேல் ஒட்டி, புது அட்டை அச்சிட்டு, அதையே வியூவரோடு கொலுவில் வைத்தேன். அங்கிளிடம் கேட்கவில்லை.

முதலில் பார்த்தவர் அவர்தான்.

"தெரு சூப்பரா இருக்கும்மா. இந்த ஆளு மட்டும் ஏன் கட்-அவுட் மாதிரி நிக்கிறாரு?"

அப்போதுதான் புரிந்தது. இரு கண்களுக்கும் ஒரே உருவத்தைக் கொடுத்து, அந்த மனிதரின் உடம்பின் ஆழத்தை நான் அழித்திருந்தேன்.

"கறை இருந்துச்சு அங்கிள். க்ளீன் பண்ணேன்."

"கறையோட நல்லாத்தானே நின்னாரு," என்றார் மெதுவாக.

அடுத்து, கொலுவுக்கு வந்திருந்த ஓர் ஆன்ட்டி பார்த்து வியந்தார். "புதுசு மாதிரி பளிச்சுனு இருக்கே! யாரு பண்ணது?"

"நம்ம பொண்ணுதான். என்ஜினியர் ஆச்சே!" என்று அங்கிள் என்னைக் காப்பாற்றினார்.

முகம் சுட, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றேன்.