டாக்டர் பிலோமினா பார்க்காத தலை

வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் வந்து, "பிலோமினா டாக்டர் தவறிப்போயிட்டாங்களாமுங்க" என்றார். அன்று மாலை அவரிடம் அனுப்புவதற்காக ஒரு குழந்தைக்குச் சீட்டு எழுதி வைத்திருந்தேன். அது மேசையிலேயே கிடந்தது.

நம் தோல், முடி டாக்டர் பிலோமினாவின் சிடுசிடுப்பு, கூட வேலை பார்த்த உங்களுக்குத் தெரியாததல்ல. முடியை நேராக்கப் போய்ப் பொசுக்கிக்கொண்டு வரும் கல்யாணப் பெண்களிடம், "இஸ்திரிப் பெட்டி துணிக்குங்க, தலைக்கில்லீங்க" என்று எரிந்து விழுவார். குழந்தைகளிடம் மட்டும் குரல் இறங்கிவிடும்.

சென்னிமலை நெசவாளர் தம்பதி தங்கள் மகள் கோகிலாவைச் சின்னஞ்சிறு வயதில் குழந்தை டாக்டரான என்னிடம் கொண்டுவந்தார்கள். தலை முழுக்க முறிந்த குட்டை முடி, தொட்டால் சொரசொரப்பு. அடர்த்தியாக முளைக்கட்டும் என்று மலைக்கோயிலில் மொட்டைக்கு மேல் மொட்டை போட்டிருந்தார்கள். வேண்டுதலில் தாய்தான் குறை வைத்துவிட்டாள் என்று மாமியார் வீட்டில் ஓயாத பேச்சு. நான் பக்கத்து அறைக்கு, பிலோமினாவிடம் அனுப்பினேன்.

அவர் ஒரு முடியை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினார். பாசிமணி கோத்ததுபோல் தடித்தும் மெலிந்தும் இருந்தது. மெலிந்த இடத்தில்தான் முறிகிறது. பிறகு தகப்பனைத் திரும்பி நிற்கச் சொன்னார். ஒட்ட வெட்டிய பிடரியில் அதே முறிந்த முடி, அதே சொரசொரப்பு. தகப்பனின் முடியையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது உங்க வழியில வந்ததுங்க. ஊட்டுல நீங்களே சொல்லிப்போடுங்க. அம்மணி மேல பழி வேண்டாமுங்க" என்றார். தாய் அங்கேயே அழுதுவிட்டாள்.

குணமாக்கும் மருந்து இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. இனி மொட்டை வேண்டாம், இறுக்கிப் பின்ன வேண்டாம், சூடு காட்ட வேண்டாம், வளர வளரக் கொஞ்சம் தேறலாம் என்றார். "கோளாறு முடிக்குத்தான் கண்ணு, உனக்கில்ல" என்று கோகிலாவின் கன்னத்தைத் தட்டினார்.

பள்ளிக்குப் போன பிறகு கோகிலா தலையில் துணி கட்டத் தொடங்கினாள். "இன்னைக்காச்சும் துணியில்லாம வரக்கூடாதா கண்ணு?" என்று ஒவ்வொரு முறையும் பிலோமினா கேட்பார். அவள் போனதும் என் அறைக்கு வந்து, "இந்தத் தடவையும் துணிதான்" என்று சொல்லி, டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போவார். முடியின் கோளாறைக் கண்டுபிடித்தேன், பிள்ளையைத் தேற்ற முடியவில்லையே என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

மதுக்கரை தேவாலயத்தில் பிலோமினாவுக்கு அடக்கத் திருப்பலி. பெண்கள் எல்லோரும் தலையில் முந்தானை போட்டிருந்தோம். கோகிலா மட்டும், இப்போது கல்லூரி மாணவி, அந்தக் குட்டை முடியோடு வெறுந்தலையாக நின்றாள். மூடிக்கொள்ளும்படி ஒரு பெண்மணி சாடை காட்டினார். "வேண்டாமுங்க. டாக்டரம்மா இதத்தான் கேட்டுட்டே இருந்தாங்க" என்றாள் தாய். ஒரு மாதம் முன்னால் இப்படி வந்திருக்கக் கூடாதா என்று என் மனம் அடித்துக்கொண்டது.

இப்போது முடி முறிந்த குழந்தை வந்தால் பெற்றவர்களின் பிடரியையும் பார்க்கிறேன். அது அவர் எனக்கு விட்டுப்போன பழக்கம். டீ வரும் நேரத்தில் கதவைப் பார்ப்பதும் நிற்கவில்லை. இந்தத் தடவை துணியில்லை, பிலோமினா.