அவுரி மட்டும் போதும்

கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் போகிற வழியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அதில் பல வருடமாக விற்பனைக்கு நிற்கிறவர் சேக் இஸ்மாயில். உள்ளே வருகிறவர் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். நாலைந்து பிரேமை எடுத்துப் பரப்புவார். கைக்கண்ணாடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "இதப் போட்டீங்கன்னா வயசே தெரியாதுண்ணே" என்பார். சொல்கிறவர் தலை நரைத்திருந்தால் யார் நம்புவார்கள் என்று முதலாளி ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்புதான், ஆனாலும் இஸ்மாயிலுக்கு உறைத்தது. அன்றிலிருந்து மாதம் தவறாமல் பாக்கெட் டை. ஐம்பதை நெருங்கியும் தலை கருகருவென்று இருந்தது.

அவர் மனைவி ஜெயினம்பு அவரைவிட நாலு வயது சின்னவள். முப்பத்தைந்திலேயே அவளுக்கு முடி வெளுக்கத் தொடங்கிவிட்டது, குடும்ப வாகு. முக்காட்டுக்குள் கிடக்கிற முடிதானே என்று அவரும் விட்டுவிட்டார், அவளும் விட்டுவிட்டாள். அப்படியே போயிருக்கும். ரம்ஜானுக்கு முன்னால், ஓதும்போது எழுத்து மங்குகிறது என்று அவள் கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்தாள்.

இஸ்மாயில்தான் அவளுக்குப் பிரேம் மாட்டிப் பார்த்தார். காதோரம் சரிந்த முக்காட்டை அவரே ஒதுக்கிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மகன் கடையிலயே கண்ணாடியா? இம்புட்டு பக்குவமாப் பாக்குற புள்ள யாருக்குக் கெடைக்கும்? குடுத்துவச்ச மனுசி" என்றாள்.

ஒரு வார்த்தை போதும். 'மகன் இல்லக்கா, வீட்டுக்காரர்.' சொல்லியிருந்தால் அந்த அம்மாளும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்திருப்பாள், அதோடு போயிருக்கும். ஆனால் முதலாளி கல்லாவில் இருந்தார். கண் பரிசோதிக்கிற பெண் திரும்பிப் பார்த்தாள். இஸ்மாயிலுக்கு ஒரு சிரிப்பு மட்டும் வந்தது. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு சிரிப்பு. அவர் பிடித்திருந்த கைக்கண்ணாடிக்குள் ஜெயினம்புவின் கண்கள் தெரிந்தன. அவை பிரேமைப் பார்க்கவில்லை.

"இதுவே இருக்கட்டும்" என்றாள்.

வீட்டில் அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. பெருநாள் கழிந்து, வண்டியூரில் அவள் தங்கை ஷாஹீதாவின் மகளுக்கு நிக்காஹ் குறித்த அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"என்னங்க, எனக்கும் தலைக்கு ஏதாச்சும் பூசிவிடுங்களேன். இந்த ஒரு விசேசத்துக்கு மட்டும். உங்க பக்கத்துல நின்னா பொருத்தமா இருக்கணும்ல."

இஸ்மாயில் தலையை ஆட்டினார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பாக்கெட் டை அவளுக்கு ஆகாது. முன்பொரு தடவை அவர் மிச்சம் வைத்ததை நெற்றியோரம் தடவிப் பார்த்ததில், காது மடல் வடை மாதிரி வீங்கிவிட்டது. ஆகவே பொடிதான். யானைக்கல்லில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிற சிவபாண்டியிடம் போனார்.

"மொதல்ல மருதாணிப் பொடி பாய். அத அலசிட்டு, அதுக்கு மேல அவுரிப் பொடி. ரெண்டும் சேந்தாத்தான் கறுப்பு. முடி எம்புட்டு நீளம்?"

"இடுப்பு வரைக்கும்."

"அப்ப ரெண்டுலயும் நெறைய வேணும்."

இஸ்மாயில் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். அந்த நிக்காஹ்வுக்குத் தனக்கென்று ஒரு சட்டை பார்த்து வைத்திருந்தார், வெளிர் நீலம். "கறுப்பு குடுக்குறது எது, அவுரிதானே? அவுரி மட்டும் போதும்" என்றார்.

"சும்மா அவுரி வெள்ள முடியில நிக்காது பாய், வேற மாதிரி ஆயிரும்."

"ஆகாது, குடுங்க."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, தன் பாக்கெட் டையில் வந்த கையுறையை மாட்டிக்கொண்டு, பழைய சட்னிக் கிண்ணத்தில் பொடியைக் குழைத்தார். பிளஸ் டூ படிக்கிற மகள் ஆஷிகா எட்டிப் பார்த்தாள்.

"அத்தா, மொதல்ல மருதாணி போடணுமாமே. நான் போன்ல பாத்தேன்."

"கடைக்காரரே வேணாம்னுட்டாரு. அவருக்குத் தெரியாததா?"

"அவருக்குத் தெரியாததா?" என்று ஜெயினம்புவும் சொல்லி, தலையைக் கொடுத்தாள். பூசப் பூசக் கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அவள் தலைமுடியை இவ்வளவு நேரம் தொட்டதில்லை. நிக்காஹ் வீட்டில் யார் யார் வருவார்கள், ஷாஹீதா என்ன சொல்லுவாள் என்று அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் உம் கொட்டினார்.

அலசிக் காயவைத்தபோது முடி கறுக்கவில்லை. நீலமும் பச்சையுமாக, தெப்பக்குளத்துப் படியில் தண்ணீர் இறங்கிய பின் ஒட்டிக் கிடக்கிற பாசி மாதிரி இருந்தது. வகிட்டுத் தோல்கூட நீலம் பாய்ந்திருந்தது.

"யம்மா! கடல்கன்னி மாதிரி இருக்கம்மா!" என்று ஆஷிகா சிரித்தாள். தாயின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் இஸ்மாயில். எப்படி வந்தது அந்த வார்த்தை என்று அவருக்கே தெரியவில்லை.

ஷாம்பு போட்டார்கள், எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள், தேங்காயெண்ணெயை ஊற்றி ஊறவைத்தார்கள். தண்ணீர்தான் நீலமாகப் போனது, முடி அப்படியே இருந்தது. ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு ஜெயினம்பு சுவரோரம் உட்கார்ந்தாள்.

"நான் வரல. காச்சல்னு சொல்லிருங்க. நீங்களும் ஆஷிகாவும் போயிட்டு வாங்க."

"முக்காடு போட்டுத்தான வரப்போற..."

"பொம்பளைங்க பக்கத்துல யாரு முக்காட்டோட உக்காந்திருப்பா? பூ வச்சுவிட வருவாளுகள்ல? எந்தலையத் தொடாம விடுவாளுகளா?"

தங்கை மகள் நிக்காஹ்வுக்குப் பெரியம்மா போகவில்லை என்றால் அது ஆயுசுக்கும் நிற்கும். அது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் சிவபாண்டி கடையில் கூட்டம். இஸ்மாயில் ஓரமாக ஒதுங்கி நின்றார். சிவபாண்டி விடவில்லை. "வாங்க பாய்! மயிலா, கிளியா?" என்றார் எல்லாருக்கும் கேட்க. பொட்டலம் வாங்க வந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்வை நேராக அவருடைய கறுப்புத் தலைக்குப் போனது. இஸ்மாயில் தன் செருப்பைப் பார்த்தார்.

"சரி, விடுங்க. மருதாணியத் தேயிலத் தண்ணியில கொழச்சு ஊறவச்சுப் போடுங்க. ஒரு பொழுது தலையிலயே இருக்கட்டும். கறுப்பு வராது, காப்பிக்கொட்ட நெறத்துக்கு வரும். நாலு பேருக்கு முன்னால கூசாம நிக்கலாம்."

கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவரே பூசினார். பாக்கெட் டையில் வந்த கையுறை முதல் நாளே கிழிந்துவிட்டது, உதிரிப் பொடியில் கையுறை ஏது? வெறுங்கையால் அள்ளி அள்ளி அப்பினார். இந்தத் தடவை அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பிடரிப் பக்கம் வந்தபோது, அவள் முகம் தெரியாத தைரியத்தில் சொன்னார்.

"அவரு ரெண்டும் வாங்கச் சொன்னாரு. நாந்தான் ஒண்ணு போதும்னேன்."

ஜெயினம்பு திரும்பவில்லை. அவர் கைக்கு எட்டட்டும் என்று தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொடுத்தாள்.

சாயந்தரம் அலசியபோது பச்சை போயிருந்தது. அங்கங்கே திட்டாக, ஆனாலும் கண்ணை உறுத்தாத பழுப்பு. ஆஷிகா சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, "பாஸ்" என்றாள். இஸ்மாயிலின் உள்ளங்கை இரண்டும்தான் புதுப்பெண்ணுடையது மாதிரி சிவந்துவிட்டன. சோப்புப் போட்டார், மண்ணெண்ணெய் போட்டார். போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியூர் மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றவன் மாப்பிள்ளை வீட்டுப் பையன், பெயர் அல் அமீன். இவர்களை முன்பின் பார்த்ததில்லை. ஸலாம் சொல்லி, செம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் இஸ்மாயிலின் கையைப் பற்றினான். பற்றியவன் புரட்டிப் பார்த்தான்.

"என்ன பாய், கை இப்படிச் செவந்திருக்கு! இன்னிக்கு நிக்காஹ் எங்க அசீமுக்கா, ஒங்களுக்கா?"

சுற்றி நின்ற இளவட்டங்கள் சிரித்தார்கள். "புது மாப்ள, வாங்க வாங்க!" என்றது ஒரு குரல். இஸ்மாயில் கையை இழுத்துக்கொண்டார். அல் அமீன் சிரிப்பு மாறாமல், மரியாதையோடு சொன்னான்.

"ஒங்க அம்மாவ அந்த வாசல் வழியா அனுப்பிவிடுங்க பாய். பொம்பளைங்களுக்கு அங்கிட்டு."

முக்காட்டின் ஓரத்தில் பழுப்பு முடி ஒரு கற்றை தெரிந்தது. அதற்குப் பிறகும் அதே தப்பு. இஸ்மாயிலுக்குத் தன் தலையில் இருக்கிற கறுப்பு, யாரிடமோ பறித்துக்கொண்டு வந்தது மாதிரி கனத்தது. பழைய சிரிப்பு உதடு வரை வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"அம்மா இல்ல! என் சம்சாரம்! என்னையவிடச் சின்னவ! இவளுக்குப் பூசித்தான் என் கை செவந்துருக்கு!"

அவ்வளவு சத்தமாக வர வேண்டியதில்லை. அல் அமீன், "மன்னிச்சுக்கங்க மாமு, தெரியாம..." என்று பின்வாங்கினான். சிரித்தவர்கள் அடங்கினார்கள். பெண்கள் வாசலில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஆஷிகா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். ஜெயினம்பு முக்காட்டை இழுத்து முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டாள். மறைத்த விரல் நகங்களில் இன்னும் நீலம் இருந்தது.

அந்த வாசல் பக்கம் போகத் திரும்பியவள், நின்றாள். அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அன்னிக்குக் கடையில சொல்லியிருக்கலாம். மெதுவாச் சொல்லியிருந்தாலே போதும்."

போய்விட்டாள். அல் அமீன் செம்பை எடுத்து, கொஞ்சம் தாராளமாகவே அவர் மேல் பன்னீர் தெளித்தான். முகத்தில் வழிந்ததைத் துடைக்க இஸ்மாயில் கையைத் தூக்கினார். சிவப்பைப் பார்த்ததும் கீழே இறக்கிவிட்டு, புதுச் சட்டையெல்லாம் நனைய அப்படியே நின்றார்.