உல்டாவாக ஓட்டிய வீடியோ

என் மகளுக்கு இரண்டரை வயது. பிறந்ததிலிருந்தே சளி. செம்பூரில் நாங்கள் பார்க்காத குழந்தை டாக்டர் இல்லை. கடைசியாகப் பார்த்தவர்தான், மூக்கின் உள்தோலில் சளியைத் தள்ளிவிடும் நுண்ணிழைகள் ஒழுங்காக அடிக்கின்றனவா என்று அளந்து பார்த்துவிடலாம் என்றார். அடிக்கவில்லை என்றால் பிறவிக் கோளாறு. ஆயுசுக்கும் கூடவே வரும்.

போன வாரம் மாட்டுங்காவில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போனோம். நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, மெல்லிய பிரஷ்ஷை மூக்கில் விட்டு ஒரு சுழற்று சுழற்றி எடுத்தார்கள். அவள் அழுது ஓய்ந்து என் தோளில் தூங்கிய பிறகு, அங்கே வேலை பார்க்கும் பெண் என்னை மைக்ராஸ்கோப் திரைக்கு முன்னால் கூப்பிட்டாள். தாராவிப் பெண். நான் மகளைத் தமிழில் சமாதானப்படுத்தியதைக் கேட்டதிலிருந்து தமிழிலேயே பேசினாள்.

திரையில் செல்களின் ஓரம் அசைந்தது.

"அசையுதே!" என்றேன்.

"அவசரப்படாதியக்கா. தண்ணியில கெடந்தா தூசிகூடத்தான் ஆடும். உசிரோட அடிக்குதான்னு பாக்கணும்லா? வீடியோவ உல்டாவா ஓட்டுனா தெரிஞ்சிரும். சும்மா ஆடுறது ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

முதலில் கோளாறு இல்லாத வேறு யாருடைய வீடியோவையோ ஓட்டினாள். இழைகள் விறைப்பாக முன்னே வீசின, வளைந்து மெதுவாகத் திரும்பின. பின்னோக்கி ஓட்டியபோது பார்க்கவே தப்பாக இருந்தது. அடுத்து என் மகளுடையது. முன்னோக்கி, பின்னோக்கி, மறுபடியும். எது நேர், எது உல்டா என்று எனக்குத் தெரியவில்லை.

"மூக்குல எதும் விட்டியளா?"

"டெஸ்ட்டுக்கு முன்னாடி மருந்து எதுவும் கூடாதுன்னு நீங்க குடுத்த தாள்ல போட்டிருந்ததே. ஸ்ப்ரேகூட ரெண்டு வாரமா நிறுத்திட்டேன்."

"மருந்தக் கேக்கலக்கா. எண்ணெ?"

காலையில் தலைக்குக் குளிப்பாட்டி, எப்போதும்போல் மூக்கில் இரண்டிரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டிருந்தேன். அந்தத் தாளை நான்கு தடவை படித்தவள் நான். எண்ணெயை மருந்தென்று நினைக்கவே இல்லை.

"நம்ம அம்மாமாருக்கு எண்ணெ விடலன்னா கை நடுங்குமே," என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "எண்ணெயில நின்னுபோச்சா, பொறவியிலயே நிக்குதான்னு இத வச்சு சொல்ல முடியாதுக்கா. எண்ணெ விடாம, ஆறு வாரம் கழிச்சு மறுபடி கூட்டிட்டு வாங்க."

"எண்ணெயாத்தான் இருக்கும், இல்லையா?"

"இருக்கலாம்க்கா."

தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும் என்று டாக்ஸியில் வேண்டிக்கொண்டே வந்தேன். மகள் தூக்கத்திலேயே இருமினாள். எப்போதும்போல் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். தட்டலாமா, கூடாதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்காமல் வந்துவிட்டேன்.